தவறிய விடை யாருடையது?

இரண்டும் இரண்டும் நான்கு என்பதைச் சொல்பவர் அரசராயினும் ஆடு மேய்ப்பவராயினும் அதன் உண்மை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இதை நாம் எல்லாரும் தயக்கமின்றி ஒப்புக்கொள்வோம். ஆயின், பன்னிரண்டு வயதுச் சிறுமி எழுதிய விடை சரியாகவும், ஊரில் மதிப்புடைய பெரியவர்கள் எழுதிவைத்த விடை தவறாகவும் அமைந்துவிட்டால் நாம் யாது செய்வோம்? வாயால் ஒப்புக்கொண்டதைச் செயலாலும் ஒப்புக்கொள்வோமா?

இக்கேள்வி நமக்கு நூல்களிலிருந்து வந்ததன்று. நாமே நடத்திய ஒரு போட்டியில், நாமே செய்த பிழையிலிருந்து வந்தது. நம் குறையைச் சொல்லத் தயங்கினால் இக்கட்டுரைக்கே பொருளில்லை. ஆதலின் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

மலையடிவாரத்துப் பிள்ளைகள்

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலை எழுந்து நிற்கும் அடிவாரத்தில் இருக்கிறது குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டபோதுதான் நாட்டில் பலர் அவ்வூரின் பெயரை முதன்முதலாகக் கேட்டனர். அத்துயரத்துக்கு நெடுங்காலம் முன்பே அவ்வூருக்கு வேறொரு வரலாறு உண்டு. மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு இரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறே இம்மலைச் சரிவில் இறங்கி, போடிக்குப் போய்ச் சேர்ந்த காலம் ஒன்றிருந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்துவிட்டது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் பெயர்கள் மட்டும் மலையில் நிலைத்துவிட்டன.

போடியின் உயிர்நாடி ஏலக்காய். விடியுமுன்னே தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. மலையில் விளைந்து உலர்ந்த காய் கீழே வந்து, பெண்களின் கைகளால் தரம் பிரிக்கப்பட்டு, ஏல மையத்தில் விலையாகிறது. எடையும் ஈரமும் விலையும் பேசப்படாத வீடு இப்பகுதியில் அரிது. பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தறியாத மூதாட்டியும் ஒரு பிடிக் காயைக் கையில் குலுக்கி, அதன் ஒலியைக் கேட்டே உலர்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

இத்தகைய ஊரில், சில ஆண்டுகளுக்கு முன், வணிகரும் ஓய்வுபெற்ற ஆசிரியருமாக நாம் சிலர் கூடி ஒரு கணிதப் போட்டி நடத்த முடிவு செய்தோம். பேச்சுப் போட்டி நடத்துகிறோம். கட்டுரைப் போட்டி நடத்துகிறோம். கிராஅத் போட்டி நடத்திப் பிள்ளைகளுக்குப் பரிசு தருகிறோம். கணக்குக்கு மட்டும் ஏன் ஒரு மேடை இல்லை என்று எண்ணினோம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளை, சமய வேறுபாடு கருதாமல் அழைத்தோம். குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்துப் பிள்ளைகள் வந்துபோக ஜீப்பும், எல்லாருக்கும் மதிய உணவும் ஏற்பாடு செய்தோம். நகரத்துப் பிள்ளைகள் கூர்தீட்டிய பென்சில்களோடும் பெற்றோர்களோடும் வந்தனர். மலைப்பக்கத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு வந்தனர்.

பத்து வினாக்கள், ஒரு மணி நேரம், வினாவுக்கு ஒரு மதிப்பெண். சமமான மதிப்பெண் பெற்றால் முன்னதாகத் தாளைக் கொடுத்தவருக்கே முதன்மை. இவ்வளவுதான் நம் விதிகள். அவற்றில் ஏதும் குறையிருப்பதாக அன்று நமக்குத் தோன்றவில்லை.

ஏழாவது வினா

பிள்ளைகளுக்குப் பழகிய பொருளிலிருந்து ஒரு வினா இருக்கட்டும் என்று ஏழாவது வினாவை ஏலக்காயிலிருந்தே அமைத்தோம். நூறு கிலோ பச்சை ஏலக்காயில் 82 விழுக்காடு ஈரம் இருக்கிறது. உலர்த்தியபின் ஈரம் 10 விழுக்காடாகிறது. இப்போது காயின் எடை என்ன? இதுவே வினா. நம்மிடமிருந்த விடைத்தாளில் 28 கிலோ என்று எழுதியிருந்தோம். 82இலிருந்து 10 போக 72. நூறிலிருந்து 72 போக 28. எவ்வளவு எளிது!

போட்டி முடிந்தது, தாள்கள் திருத்தப்பட்டன, சரியான விடைகள் கூட்டத்தில் உரக்க வாசிக்கப்பட்டன. ஒன்பது மதிப்பெண் பெற்ற நகரத்துச் சிறுவன் ஒருவன் முதற்பரிசு பெற்றான். எட்டு மதிப்பெண் பெற்றவர் நால்வர். அவர்களில் முன்னதாகத் தாள் கொடுத்த இருவருக்கு மற்ற இரு பரிசுகளும் போயின. கைதட்டினோம்; படம் எடுத்தோம்; வீடு திரும்பினோம்.

இரண்டு நாள் கழித்து, நம் குழுவிலேயே இருந்த முதிய ஏலக்காய் வணிகர் ஒருவர் வினாத்தாளைத் தற்செயலாகப் புரட்டினார். படித்துவிட்டுச் சிரித்தார். "நூறு கிலோ பச்சைக் காய்க்கு இருபத்தெட்டு கிலோ எந்த மலையில் கிடைக்கிறது, பாய்? எனக்கும் அந்த இடத்தைக் காட்டுங்கள். இரண்டே வருடத்தில் கோடீஸ்வரன் ஆகிவிடுவேன்" என்றார்.

நாம் திடுக்கிட்டோம். தாளை எடுத்து மறுபடி கணக்கிட்டோம். நூறு கிலோவில் 82 கிலோ நீர் என்றால், நீரல்லாத பகுதி 18 கிலோ. உலர்த்தும்போது நீர் மட்டுமே போகிறது. அந்த 18 கிலோ அப்படியே இருக்கிறது. உலர்ந்த காயில் நீர் பத்து விழுக்காடு என்றால், எஞ்சிய தொண்ணூறு விழுக்காடும் அந்தப் பதினெட்டுக் கிலோவே. அப்படியானால் மொத்த எடை 20 கிலோ. ஐந்துக்கு ஒன்று. மலையில் உள்ளவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் கணக்கும் அதுவே. நம் விடையின்படி 28 கிலோ இருந்தால் அதில் பத்துக் கிலோ நீர் இருக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈரமுள்ள அந்தக் காய் மூட்டையிலேயே பூசணம் பூத்துவிடும்.

நாம் செய்த பிழை யாதெனில், முதலில் சொன்ன 82 நூறு கிலோவின் பங்கு. பின்னர்ச் சொன்ன 10 வேறொரு எடையின் பங்கு. இரண்டு வெவ்வேறு முழுமைகளின் பங்குகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துவிட்டோம். விழுக்காடு என்பதை எண்ணாகப் பார்த்தோமேயன்றி, எதனுடைய விழுக்காடு என்று கேட்கவில்லை.

அந்த வணிகரிடம், "முன்பே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டோம். "பள்ளிக்கூடத்துக் கணக்கு வேறு, காய்க் கணக்கு வேறு என்று நினைத்துவிட்டேன்" என்றார். இந்தச் சொல்லை மறக்க இயலவில்லை. நாற்பதாண்டுக் காலம் எடை பார்த்த கை, தான் அறிந்தது கணிதமே என்று அறியாமல் இருந்திருக்கிறது.

விடைத்தாள்களை மீண்டும் எடுத்தோம். மூவர் 20 என்று எழுதியிருந்தனர். அவர்களில் ஒருத்தி, எட்டு மதிப்பெண் பெற்றும் தாளை மெதுவாகக் கொடுத்தமையால் பரிசின்றிப் போன குரங்கணிச் சிறுமி. அவளுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியது ஒன்பது. முதற்பரிசு பெற்ற சிறுவனோ 28 என்று எழுதியிருந்தான். அவனுக்கு உரியது எட்டு. முதலிடம் இடம் மாறிவிட்டிருந்தது.

மூன்று யோசனைகள்

அன்று மாலை குழு கூடியது. மூன்று யோசனைகள் எழுந்தன.

முதல் யோசனை, இதை இத்தோடு விட்டுவிடுவது. "யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது. வெளியே சொன்னால் அடுத்த ஆண்டு எவரும் பிள்ளையை அனுப்பமாட்டார். நல்ல காரியம் ஒன்று தொடக்கத்திலேயே கெட்டுப்போகும்" என்றனர் சிலர். இவர்கள் தீயவர்கள் அல்லர். நிறுவனத்தின் நற்பெயரைக் காப்பது அதன் நற்பணியைக் காப்பதாகும் என்று உண்மையாகவே நம்பினர். பொதுப்பணியில் ஈடுபடுவோரிடம் இந்த நம்பிக்கை மிகுதி. இதைவிட ஆபத்தானதும் வேறில்லை. அறியாமல் செய்த பிழை பிழைதான். அதற்கு மன்னிப்பு உண்டு. அறிந்தபின் அதை அப்படியே விட்டுவைத்தால் அதற்குப் பெயர் பிழையன்று. முந்தாநாள் வரை நாம் கணக்கில் தவறியவர்கள். இன்று வாய்மூடியிருந்தால் ஒரு சிறுமியின் உரிமையைத் தெரிந்தே வைத்துக்கொண்டவர்கள் ஆவோம்.

இரண்டாவது யோசனை, பரிசைத் திரும்பப் பெற்று உரியவளிடம் கொடுப்பது. கேட்பதற்கு இதுவே நீதியாகத் தோன்றும். பிறர் பொருள் கைமாறி வந்துவிட்டால் உரியவரிடம் சேர்ப்பதன்றோ முறை? ஆனால் அந்தச் சிறுவன் எதையும் எடுத்துக்கொண்டவன் அல்லன். நாம் கூப்பிட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டவன். நாம் செய்த அதே தவற்றை அவனும் செய்தான். நாம் அதைச் சரியென்று அறிவித்தோம். நம் பிழைக்கு அவன் மேடையில் பெற்றதை வீட்டு வாசலில் பறிப்பது நீதியைச் சிறுவன் ஒருவனின் செலவில் நிலைநாட்டுவதாகும்.

மூன்றாவது யோசனை, சிறுவனின் பரிசை அவனிடமே விட்டு, சிறுமிக்கும் முதற்பரிசு வழங்கி, நடந்ததை எல்லாருக்கும் வெளிப்படையாக அறிவிப்பது. இதற்கும் மறுப்பு வந்தது. "எட்டு பெற்றவனும் ஒன்பது பெற்றவளும் ஒன்றா? அப்படியானால் உண்மைக்கு என்ன மதிப்பு?" என்றார் ஓர் ஆசிரியர். நியாயமான கேள்வி. நாம் கண்ட விடை இது: மதிப்பெண்ணைப் பற்றிய உண்மை ஒன்று, பரிசைப் பற்றிய கடப்பாடு மற்றொன்று. மதிப்பெண்ணில் சமரசம் இல்லை. பட்டியலில் ஒன்பது ஒன்பதாகவும் எட்டு எட்டாகவும் திருத்தப்பட வேண்டும். மற்ற இருவர் முதலிடத்துக்கு அருகில் வராதவர்கள். ஆயினும் அவர்களுக்கு உரிய ஒரு மதிப்பெண் அவர்களுடையதே. பரிசு என்பது நாம் கொடுத்த வாக்கு. நம் தவற்றால் இருவருக்கு வாக்குப்பட்டுவிட்டோம். இரண்டு பரிசின் செலவும் நம்முடையது.

இம்மூன்றாவது வழியையே மேற்கொண்டோம். அது எல்லாருக்கும் இன்பமாக முடிந்தது என்று சொல்வதற்கில்லை. சிறுவனை அழைத்துக் கணக்கை விளக்கினோம். முதலில் வாதாடினான், பிறகு தானே ஒருமுறை போட்டுப் பார்த்தான், புரிந்தது. சான்றிதழை மேசைமீது வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டான். நாம் அதை அவன் வீட்டுக்கு எடுத்துச் சென்று கொடுத்தோம். அவன் தாயார்தாம் வாங்கிக்கொண்டார். அவன் வெளியே வரவில்லை. நம் பிழையைத் திருத்தும்போதும் எவருக்கோ வலிக்கத்தான் செய்கிறது. திருத்தும் பணியை இனிமையாகச் செய்துவிடலாம் என்று எண்ணுபவர் அதைத் தொடங்கவே மாட்டார்.

அவள் சொன்ன சொல்

சிறுமியின் வீட்டுக்குக் குரங்கணிக்கே சென்றோம். தந்தை மேலே ஒரு தோட்டத்தில் காய் உலர்த்தும் கூடத்தில் வேலை. தாயார் தரம் பிரிக்கும் வேலை. வந்த காரியத்தைச் சொன்னதும் அந்தத் தாயார் பதறிப்போனார். "சின்னப் பிள்ளைகிட்டே பெரியவங்க வந்து இப்படிச் சொல்லலாமாய்யா?" என்றார்.

நமக்கு ஓர் ஐயம் இருந்தது. அவள் கணக்கிட்டு எழுதினாளா, அல்லது வீட்டில் கேட்ட ஐந்துக்கு ஒன்று என்னும் வழக்கத்தை அப்படியே எழுதினாளா? வழக்கத்தை எழுதியிருந்தால், ஈரம் எண்பதாக இருந்திருக்குமேயானால் அவள் விடை தவறியிருக்கும். ஆதலால் கேட்டோம். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "தண்ணிதானே போகும், காய் எங்கே போகும்? நூத்துல பதினெட்டு காய். காஞ்சதுல பத்துக்கு ஒம்பது காய். அப்ப இருபதுதானே வரும்?"

நாம் தலைகுனிந்தோம். மாறுவது எது, மாறாதது எது என்று பிரித்துப் பார்த்தல் கணித அறிவின் சாரங்களில் ஒன்று. அது நம் விடைத்தாளில் இல்லை. அச்சிறுமியின் வாயில் இருந்தது.

பின்னர்க் கேட்டோம்: "கூட்டத்தில் இருபத்தெட்டு என்று வாசித்தபோது நீ ஏனம்மா எழுந்து சொல்லவில்லை?" அவள் சொன்னாள்: "நான்தான் தப்பாப் போட்டுட்டேன்னு நெனச்சேன். பெரியவங்க தப்பாப் போடுவாங்களா?"

நாம் அவளுக்கு இழைத்த கேடு ஒரு மதிப்பெண் என்று எண்ணிக்கொண்டு மலையடிவாரம் சென்றோம். திரும்பி வரும்போது வேறொன்று தெரிந்தது. தான் கண்ணால் கண்டதையும், கையால் அறிந்ததையும், அறிவால் கணக்கிட்டதையும் ஒரு பெரியவரின் உரத்த குரலுக்காகத் தவறென்று அவள் கைவிட்டுவிட்டாள். மதிப்பெண்ணைத் திருப்பித் தரலாம். இதை எப்படித் திருப்பித் தருவது?

பெரியோரை மதிக்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். சொல்லித்தரத்தான் வேண்டும். ஆனால் மதிப்பு என்பது வாய்மூடியிருத்தல் என்று அவர்கள் பொருள்கொள்ளும்படி நடந்துகொள்கிறோம். மரியாதையாக எழுந்து நின்று, "ஐயா, இந்த விடை சரியாகத் தோன்றவில்லை" என்று சொல்லும் பிள்ளை மரியாதை கெட்ட பிள்ளையன்று. அவன் நம் சொல்லை உற்றுக் கேட்டிருக்கிறான், பொருட்படுத்தியிருக்கிறான். பொருட்படுத்தாதவன் சும்மா இருந்துவிடுவான்.

கணக்கும் நீதியும்

"ஒரு கணக்குத் தவறியதற்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்போர் இருக்கலாம். கணக்குத் தவறும் இடத்தில் பல வேளைகளில் ஒருவருடைய உரிமை தவறுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், கலீஃபா மஃமூன் காலத்துப் பாக்தாதில், அல்குவாரிஸ்மி அல்ஜப்ரு நூலை இயற்றினார். அல்ஜிப்ரா என்னும் பெயர் அந்நூலின் பெயரிலிருந்து பிறந்தது. அல்காரிதம் என்னும் சொல் அவர் பெயரிலிருந்து பிறந்தது. அப்பெரும் நூலின் கணிசமான பகுதி எதைப் பற்றியது? வாரிசுரிமைப் பங்கீட்டைப் பற்றியது; மரண சாசனங்களைப் பற்றியது. மக்கள் பங்கு பிரிக்கவும், வழக்குத் தீர்க்கவும், வணிகம் செய்யவும், நிலம் அளக்கவும் வேண்டிய கணக்கையே அவர் நோக்கமாகக் கொண்டார்.

கணவன் இறந்தபின் மனைவிக்கு உரியது, அவனுக்குப் பிள்ளைகள் இருப்பின் எட்டில் ஒன்று, இல்லையேல் நான்கில் ஒன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டவர் கணக்கில் மட்டுமா தவறுகிறார்? விதவை ஒருத்தியின் பங்கில் பாதி அங்கே காணாமற்போகிறது. எதனுடைய பங்கு என்று கேளாமல் பங்கைக் கழித்த நாம், சொத்துப் பத்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாலும் அதையே செய்திருப்போம். தராசின் முன்னும் அப்படியே. மலையிலிருந்து பச்சைக் காய் கொண்டுவரும் சிறு விவசாயிக்கு ஈரக் கணக்குத் தெரியாவிட்டால் அவன் உழைப்பு எங்கே கசிகிறது என்று அவனுக்கே தெரியாது. ஏழைக்குக் கணக்கு ஓர் ஆயுதம் என்பதைவிட, அவன் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் என்பது பொருந்தும்.

போட்டியே வேண்டாமா?

இந்நிகழ்ச்சிக்குப் பிறகு நம் நண்பர் ஒருவர், "பிள்ளைகளை வரிசைப்படுத்துவதே தவறு; போட்டியை நிறுத்திவிடுவோம்" என்றார். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. உலகின் பெரிய இடங்களிலும் இக்கேள்வி எழுந்திருக்கிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத் தேர்வில் தேறியவர்களை முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்தி அறிவிக்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1890இல் ஃபிலிப்பா ஃபாசெட் என்னும் பெண், முதலாமவராக வந்த ஆண்மகனைவிட மிகுதியான மதிப்பெண் பெற்றார். பெண்களுக்கு அங்கே அப்போது பட்டமில்லை. ஆகவே அவர் முதல்வருக்கு மேற்பட்டவர் என்று வாசிக்கப்பட்டதோடு சரி. முதல்வர் என்னும் பெயர் அவருக்குக் கீழே நின்றவருக்கே போயிற்று. அப்பல்கலைக்கழகத்தில் பெண்கள் முழுப் பட்டம் பெற 1948ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எண்ணில் உண்மை இருந்தும், பட்டியலில் நீதி இல்லாதுபோன கதை இது. தகுதிவரிசை அறிவிக்கும் அப்பழக்கமே 1909ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. அத்தேர்வுமுறையைக் கடுமையாகக் கண்டித்தவர்களில் ஒருவர், 1898இல் அதே வரிசையில் நான்காமவராக நின்ற ஹார்டி. நம் இராமானுஜன் 1913இல் எழுதிய கடிதத்தைப் படித்து, அதன் மதிப்பை உணர்ந்தவரும் அவரே.

இராமானுஜன் வாழ்வு இக்கேள்விக்கு இருபுறமும் சான்று தருகிறது. 1904இல் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்குக் கிடைத்தது. பள்ளி அளவில் ஒரு பரிசு, ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவனைக் கண்டு அடையாளம் காட்டியது. அதன்பின் கல்லூரியில் பிற பாடங்களில் தேறாமையால் உதவித்தொகையை இழந்தார். சென்னையிலிருந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தவறினார். அவரை ஒரு போட்டி கண்டெடுத்தது. ஒரு தேர்வு கழித்துத் தள்ளியது.

ஆகவே போட்டியில் இருவகை உண்டு. ஒன்று தேடும் போட்டி. மற்றொன்று சலிக்கும் போட்டி. போடியில் ஏலக்காயைச் சல்லடையில் இட்டுச் சலிக்கிறார்கள். பருத்த காய் மேலே நிற்கும், சிறுத்தது கீழே விழும். காய்க்கு அதனால் துன்பமில்லை. பிள்ளைகளைச் சலித்தால் கீழே விழுந்தவன் தன்னைச் சிறுத்தவன் என்றே வாழ்நாள் முழுதும் எண்ணிக்கொள்வான். தேடும் போட்டியோ, கண்ணில் படாமல் கிடந்தவனைக் கண்ணில் படச் செய்கிறது. நாம் போட்டி நடத்தியிராவிட்டால், நீரையும் காயையும் பிரித்தறிந்த அச்சிறுமி குரங்கணியில் இருக்கிறாள் என்பது எவருக்கும் தெரிந்திராது. நம்மைத் திருத்தியதும் அந்தப் போட்டியே. இக்காரணத்தால் நண்பரின் யோசனையை நாம் ஏற்கவில்லை.

தேடும் போட்டி எவ்வாறு இருக்கவேண்டும் என்பதற்கு உலகில் முன்மாதிரிகள் உள்ளன. 1959இல் ருமேனியாவில் தொடங்கிய சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் இந்தியா 1989 முதல் பங்கேற்று வருகிறது. 1996இல் மும்பையிலேயே அது நடைபெற்றது. அங்கே இரண்டு நாளில் ஆறே வினாக்கள். நாளொன்றுக்கு நாலரை மணி நேரம். விரைவுக்கு அங்கே பரிசில்லை, சிந்தனைக்கே பரிசு. பங்கேற்போரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பதக்கம் உண்டு. பதக்கம் பெறாதவரும் ஒரு வினாவை முழுமையாகச் செய்திருந்தால் அதற்காகப் பாராட்டப்படுகிறார். நாம் ஒரு மணி நேரத்தில் பத்து வினா கொடுத்து, முந்திக் கொடுத்தவனுக்கு முதன்மை என்று விதித்தோமே, அது எவ்வளவு சிறுமை! நிதானமாகச் சிந்தித்ததற்காகவே ஒருத்தியைத் தண்டித்தோம்.

நம் நாட்டிலும் வழிகாட்டிகள் உண்டு. 1965இல் சென்னையில் தோன்றிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல நிலைகளில் கணிதத் திறனறி போட்டிகளை நடத்திவருகிறது. அதில் ஒரு நிலைக்குக் கப்ரேகரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. மகாராஷ்டிரத்துத் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த அவர் கண்டது 6174 என்னும் எண்ணின் விந்தை. இதை வீட்டிலேயே பிள்ளைகளோடு செய்து பாருங்கள். எல்லா இலக்கமும் ஒன்றாயிராத ஒரு நாலிலக்க எண்ணை எடுத்து, அதன் இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழியுங்கள். வருவதையும் அவ்வாறே செய்யுங்கள். ஏழு முறைக்குள் 6174 வந்துவிடும். 2018ஐ எடுத்தால் 8210இலிருந்து 0128 போக 8082. 8820இலிருந்து 0288 போக 8532. 8532இலிருந்து 2358 போக 6174. இதில் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. வியப்பு மட்டுமே உண்டு. சென்னை முத்தியால்பேட்டையில் பள்ளி ஆசிரியராக இருந்து, பிற்காலத்தில் இராமானுஜன் நினைவுக்கென இராயபுரத்தில் 1993இல் ஓர் அருங்காட்சியகம் அமையக் காரணமாயிருந்த பி.கே. சீனிவாசன் அவர்களும், சாதாரணப் பிள்ளைகளுக்குக் கணிதத்தை இனிதாக்குவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர்.

நாம் கற்றவை

அடுத்த போட்டியில் விதிகளை மாற்றினோம். வினாத்தாளை ஒருவர் அமைத்தால், விடையைப் பாராமல் வேறு இருவர் தனித்தனியே போட்டுப் பார்க்கவேண்டும். அவர்களில் ஒருவர் அத்தொழிலைக் கையால் அறிந்தவராக இருத்தல் வேண்டும். வினாக்களைப் பத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தோம். நேரத்தை இரண்டு மணியாக்கினோம். விடை மட்டும் போதாது, வந்த வழியையும் எழுதவேண்டும். வழிக்கும் மதிப்பெண் உண்டு. ஒரே முதலிடம் என்பதை ஒழித்து, குறித்த அளவுக்கு மேல் பெற்ற அனைவருக்கும் பரிசு என்றாக்கினோம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுவது மற்றொன்று. பரிசளிக்குமுன் விடைகளைக் கரும்பலகையில் எழுதி, "இவற்றில் தவறு காண்பவர் எழுந்து சொல்லலாம்" என்று அரைமணி நேரம் ஒதுக்கினோம். முதல் ஆண்டு அந்த அரைமணியில் பெரும்பகுதி அமைதியாகவே கழிந்தது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தனர். கடைசியில் ஒரு சிறுவன் எழுந்து ஒரு விடை தவறு என்றான். அவன் சொன்னதே தவறு, விடை சரிதான். ஆனால் அவன் எழுந்தான். அவனைக் கரும்பலகைக்கு அழைத்து, அவன் வழியைப் பொறுமையாகக் கேட்டு, எங்கே சறுக்கினான் என்று அவனே காணும்படி செய்தோம். எவரும் சிரிக்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காகவே போட்டி நடத்தலாம் என்று நமக்குத் தோன்றியது.

வாசகப் பெருமக்களே! உங்கள் ஊரிலும் இத்தகைய போட்டி ஒன்றை நடத்துங்கள். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு கூடம், ஒரு கரும்பலகை, ஒருவேளை உணவு, ஐந்து நல்ல வினாக்கள் போதும். தொலைவிலிருக்கும் பிள்ளைகளை வண்டி வைத்து அழைத்து வாருங்கள். வரமுடியாதவர் இருப்பின் நீங்களே அங்கே போங்கள். ஆனால் தொடங்குமுன் உங்களுக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கூட்டத்தின் நடுவே ஒரு பிள்ளை எழுந்து உங்கள் விடை தவறு என்று சொன்னால், அதைக் கேட்கும் மனம் உங்களிடம் உண்டா? உண்டு எனின், உங்கள் போட்டி பயன் தரும். இல்லையெனின், அந்த மனத்தை முதலில் தேடிக்கொள்ளுங்கள், போட்டி காத்திருக்கும்.

தவறிய விடை அன்று அச்சிறுமியுடையது என்று கூட்டத்தில் அறிவித்தோம். அது நம்முடையது என்று கூட்டம் கூட்டியே திருத்தினோம். தவறும் நம்முடையது, அதை ஒப்புக்கொள்ளும் கடமையும் நம்முடையது என்று பிள்ளைகள் காணும்படி வாழ்வோமாக. அவர்கள் நம்மிடம் கற்கும் கணக்கில் அதுவும் ஒன்று.